கள்ளிச்செடிக்கு 3200 ரூவா

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து எட்டு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்லிடலாம். உண்மை என்னன்னா, எழுதறதுக்கு ஒரு விஷயம் இருந்துச்சு, ஆனா எழுதக் கூச்சமா இருந்துச்சு. இன்னிக்கு எழுதிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ போட்டு எடுத்துக்கிட்டு வாங்க.

முதல்ல லேசா ஒரு கொசுவர்த்தி சுத்திக்கறேன். 2020-ல லாக்டவுன் போட்டப்போ எனக்கு வேலை கிடைச்சு ஒரு வருஷம்கூட ஆகலை. பெங்களூர்ல ஒரு சின்ன ரூம், அதுக்கு ஒரு சின்ன பால்கனி, நாள் பூரா பொட்டி தட்டுறது. பைத்தியம் பிடிக்காம இருக்க ஆளாளுக்கு ஒண்ணு பண்ணினாங்க. ரூம்மேட் சமையல் கத்துக்கிட்டான். நான் செடி வளர்க்க ஆரம்பிச்சேன். தண்ணி ஊத்த மறந்தாலும் சாகாத செடியா வேணும்னு தேடினதுல சிக்கினதுதான் சக்குலண்ட். தமிழ்ல சதைப்பற்றுச் செடி. இலையிலயும் தண்டுலயும் தண்ணியைச் சேமிச்சு வச்சுக்கிட்டு, மாசக்கணக்கா மழையில்லாட்டியும் உசிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கற ஜாதி.

ரெண்டு தொட்டியில ஆரம்பிச்சது நாப்பது தொட்டி ஆச்சு. வீடியோ கால்ல அம்மாகிட்ட பெருமையா காட்டினேன்.

"ஏலே, கள்ளிச்செடியையா காசு குடுத்து வாங்கிருக்க? நம்மூர்ல வேலிக்கு வைக்கறதுல்லா அது!"

அம்மா சொன்னதுல தப்பே இல்லை. தூத்துக்குடிக்காரனுக்கு சதைப்பற்றுச் செடிங்கறது அதிசயமே கிடையாது. வேலியில திருகுகள்ளி, திண்ணை ஓரத்துல சோத்துக்கத்தாழை, தட்டுல பிரண்டைத் துவையல். உப்பளத்து வரப்புல செக்கச்செவேல்னு படர்ந்து கிடக்குமே உமரி, அதுவும் அதே ஜாதிதான். உமரிக்காடுன்னு ஒரு ஊரே இருக்கு எங்க ஜில்லாவுல. இதையெல்லாம் மிதிச்சுக்கிட்டே வளர்ந்துட்டு, பெங்களூர்ல போய் காசு குடுத்து வாங்கினேன்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2023-ல செடி வளர்க்கற ஆளுங்க மூலமா ஒருத்தர் பழக்கமானார். அபூர்வச் செடியெல்லாம் வச்சிருக்கார்னு சொன்னாங்க. அவர் ஒரு போட்டோ அனுப்பினார். பட்டன் மாதிரி ஒரு செடி. ரெண்டு இலையும் ஒட்டி ஒரே உருண்டையாகி, நடுவுல மட்டும் ஒரு சின்னக் கீறல். அவ்வளவுதான் மொத்தச் செடியும். பேரு கோனோபைட்டம். தென்னாப்பிரிக்கச் சரக்கு. விலை 3200 ரூவா. ரெண்டு நாள் யோசிச்சேன், மூணாவது நாள் பணத்தை அனுப்பிட்டேன். அம்மாகிட்ட 320-ன்னு சொன்னேன். அதுக்கே திட்டு விழுந்துச்சு.

பார்சல் வந்துச்சு. மண்ணில்லாம, டிஷ்யூ பேப்பர்ல சுத்தி. வெளிநாட்டுச் செடி உள்ள வரணும்னா அதுக்குன்னு அனுமதி, நோய் இல்லைங்கற சான்றிதழ்னு ஏகப்பட்டது உண்டு. இதோட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. போட்டோவுல இருந்த பளபளப்பும் இல்லை. ஒரு பக்கம் வெயில்ல கருகின தழும்பு. கீழ கட்டை மாதிரி தடிச்ச வேர், அதுவும் பாதியில பிஞ்சிருந்துச்சு. உருண்டையைச் சுத்தி வெங்காயச் சருகு மாதிரி காஞ்ச தோல் அடுக்கடுக்கா. அந்தச் சருகுக்குள்ள ரெண்டு மூணு வெள்ளைக் கல்லுப் பொடி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் அசந்துட்டேன். "அடேங்கப்பா, பழைய செடி, ஒரிஜினல்!"

எதைப் பார்த்து சந்தோஷப்பட்டேனோ, அதெல்லாம்தான் சாட்சி. அது அப்போ தெரியலை.

தொட்டியில வச்சு, பாசமா தண்ணி ஊத்தினேன். கோனோபைட்டம் குளிர்காலத்துல வளர்ந்து கோடையில தூங்கற செடி. தூங்கும்போது தண்ணி பட்டா அழுகும். பெங்களூர் மழைக்காத்தும் என் பாசமும் சேர்ந்து ரெண்டே மாசத்துல அதைக் கூழாக்கிடுச்சு. ஏன் செத்துச்சுன்னு தேடிப் படிக்க உக்காந்தவன்தான், விடியற வரைக்கும் எந்திரிக்கலை.

தென்னாப்பிரிக்காவோட மேற்கு ஓரத்துலயும் நமீபியாவுலயும் கரூன்னு ஒரு வறண்ட பூமி இருக்கு. குளிர்காலத்துல கொஞ்சம் மழை, மிச்ச நாளுக்கு கடல்ல இருந்து வர்ற பனிமூட்டம், அவ்வளவுதான் தண்ணி. அதுலயே 6000 வகைச் செடிக்கு மேல இருக்கு. அதுல சுமாரா 40 சதவீதம் உலகத்துல வேற எங்கயுமே கிடையாது. கோனோபைட்டத்துல மட்டும் நூத்துக்கும் மேல வகை. சிலதுக்கு சொந்த ஊர்னு பார்த்தா ஒரே ஒரு வெள்ளைக்கல் மேடு. நம்ம ஊர் கால்பந்து மைதானம் அளவுதான் இருக்கும். ஒருத்தன் ஒரு சாக்கோட வந்து ஒரு நாள் குனிஞ்சு எடுத்தா, அந்த வகையோட கதை முடிஞ்சுது.

அதுதான் நடக்குது. 2019-க்கு அப்புறம் தென்னாப்பிரிக்காவுல அதிகாரிங்க பிடிச்ச செடி மட்டுமே 10 லட்சத்துக்கும் மேல. பிடிபடாதது எவ்வளவுன்னு யார் சொல்றது? கொரோனா காலத்துல இன்னும் மோசம். முன்னாடி வெளிநாட்டுல இருந்து ஆளே நேர்ல வந்து பிடுங்கிட்டுப் போவான். ஃப்ளைட் நின்னதும், அந்த ஊர் ஆளுங்களுக்கே போன்ல படம் அனுப்பி "இது மாதிரி எடுத்துக்கிட்டு வா"ன்னு சொல்ல ஆரம்பிச்சான். சுரங்கமும் வேலையும் இல்லாம உக்காந்திருந்த ஜனம். போகாம என்ன செய்யும்?

அமெரிக்காவுல கலிபோர்னியா கடலோரப் பாறையில டட்லியான்னு ஒரு செடி, ரோஜாப்பூ மாதிரி விரிஞ்சிருக்கும். 2018-ல ஒரே கும்பல்கிட்ட 3715 செடி பிடிச்சாங்க. தலைவன் தப்பி மெக்சிகோ வழியா ஓடி, கடைசியில 2019-ல தென்னாப்பிரிக்காவுல மாட்டினான். அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்னு நினைக்கறீங்க? கோனோபைட்டம் பிடுங்கிக்கிட்டு இருந்தான்! 2022-ல அமெரிக்காவுல அவனுக்கு 2 வருஷம் ஜெயில்.

சரி, பிடிச்ச செடியைத் திருப்பி நட்டுடலாமேன்னுதான் எனக்கும் முதல்ல தோணுச்சு. முடியாதாம். எந்த மேட்டுல எடுத்ததுன்னு தெரியாது. தப்பான இடத்துல நட்டா ஜாதி கலந்துடும். பெட்டிக்குள்ள வந்த பூச்சியும் நோயும் காட்டுக்குள்ள போயிடும். அதனால லட்சக்கணக்கான செடி இப்போ பூங்காக்கள்ல அகதி மாதிரி தொட்டியில இருக்கு.

இதையெல்லாம் படிச்சுக்கிட்டே வந்தேன். கடைசியில 'காட்டுல இருந்து பிடுங்கின செடியை எப்படிக் கண்டுபிடிக்கறது'ன்னு ஒரு பட்டியல். வெயில் தழும்பு. பிஞ்ச தடிவேர். அடுக்குச் சருகு. ஒட்டியிருக்கற கல்லுப்பொடி.

வருஷத்துக்கு ஒரு சருகு. அது எத்தனை வருஷம் வாழ்ந்துச்சோ. என்கிட்ட ரெண்டே மாசம்.

இதுவரைக்கும் படிச்சுட்டு, "சரிப்பா, தூத்துக்குடிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்"னு கேப்பீங்க. சொல்றேன்.

2024 ஆகஸ்ட்ல, பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க தெருவுல ஒரு தாத்தா இருக்கார். சங்கு குளிச்சவர். மூச்சைப் பிடிச்சு குளிச்ச காலத்துலயும் கடலுக்குள்ள போனவர், குழாய் மாட்டிக் குளிச்ச காலத்துலயும் போனவர். இப்போ காது சரியா கேக்காது. சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசறது எனக்கு சின்ன வயசுப் பழக்கம். அன்னிக்கு பேப்பர்ல கடல் அட்டை பிடிபட்ட செய்தி. எங்க ஊர் பேப்பர்ல அது வாராவாரம் வர்ற செய்திதான். நான் கேட்டேன்.

"தாத்தா, நீங்க அட்டை எடுத்திருக்கீங்களா?"

"எடுக்காம? சங்கு கெடைக்காத நாளு அதான சோறு போட்டுச்சு. எடுத்து, கொடலை நீக்கி, அவிச்சு, மணல்ல பொதைச்சு, திரும்ப அவிச்சு, காயப்போட்டு ஏவாரிட்ட குடுப்போம். அப்பல்லாம் தப்பில்ல பாத்துக்கோ. தொறந்த கடை."

"யாரு தாத்தா சாப்பிடுவா அதை?"

"இங்க ஒருத்தனும் திங்க மாட்டான். சீனாக்காரன் திம்பானாம். நான் மொகத்தைக்கூட பாத்ததில்ல."

கடல் அட்டை பார்க்க வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும். கடலடி மண்ணைத் தின்னு, சுத்தம் பண்ணி வெளிய விடும். வயலுக்கு மண்புழு எப்படியோ, கடலுக்கு அது அப்படி. ஆணும் பெண்ணும் தண்ணியிலதான் விந்தையும் முட்டையையும் விடும். பக்கத்து பக்கத்துல இருந்தாத்தான் ஒண்ணோட ஒண்ணு சேரும். கூட்டம் குறைஞ்சு போனா, நாலு அட்டை உசிரோட இருந்தாலும் குஞ்சு கிடையாது. 2001-ல மத்திய அரசு இதை வன உயிர்ச் சட்டத்துக்குள்ள கொண்டுவந்து, பிடிக்கவே கூடாதுன்னு சொல்லிடுச்சு. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில உரிமம் வாங்கிப் பிடிக்கலாம். அதனால இங்க பிடிக்கறதை ராத்திரி படகுல அங்க தள்ளிவிடறாங்க. மாட்டிக்கறது யாருன்னா லோடுமேனும் படகு ஓட்டினவனும். தின்னவன் இல்லை.

நம்ம துறைமுகத்துல செம்மரமும் இதே கதைதான். வேற சரக்குன்னு எழுதி வச்ச கண்டெய்னருக்குள்ள செம்மரக் கட்டையை அப்பப்போ அதிகாரிங்க பிடிப்பாங்க. அந்த மரம் உலகத்துலயே ஆந்திராவும் அதை ஒட்டின பகுதிகளும் தவிர வேற எங்கயும் தானா வளராது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டுல ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்ன 20 பேரும் நம்ம தமிழ்நாட்டுக் கூலிங்க. அந்தக் கட்டையில செஞ்ச நாற்காலியில யார் உக்காந்திருக்கான்னு எந்த பேப்பர்லயும் போடலை.

கரூவுல சாக்கு எடுத்துக்கிட்டுப் போனவனும், அட்டை அள்ளினவனும், மரம் வெட்டினவனும் ஒரே ஆள்தான். வாங்கினவனும் ஒரே ஆள்தான். எங்க தாத்தா மொகத்தைக்கூட பார்க்காத அந்த சீனாக்காரன் மாதிரி, கரூவுல யாரோ ஒரு கிழவர் மொகத்தைக்கூட பார்க்காத ஆளு நான்.

தாத்தா அன்னிக்கு இன்னொண்ணும் சொன்னார். அவருக்கு பத்து வயசு இருக்கும்போது, 1961-ல, கடைசி முத்துக்குளிப்பைப் பார்த்திருக்கார்.

"முத்து அப்பிடி கெடையாது பாத்துக்கோ. கண்டவன் கண்ட நாள்ல எறங்க முடியாது. மொதல்ல சர்க்கார் ஆளு வந்து பாரைப் பாப்பான். சிப்பி எடுத்து எண்ணுவான். வயசு பாப்பான். முத்து எத்தனைன்னு கணக்கு போடுவான். சரிவந்தாத்தான் குளிப்பு. இல்லன்னா பத்து வருசமானாலும் சும்மா இருக்க வேண்டியதான்."

பார்னா கடலுக்கடியில சிப்பி இருக்கற திட்டு. அவர் சொன்னது சரித்திரத்துலயும் அப்படியே இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துலயும் பாரைச் சோதிச்சு, மாதிரிச் சிப்பி எடுத்து, அதுல இருக்கற முத்தை மதிப்புப் போட்டு, அப்புறம்தான் குளிப்புக்கு அறிவிப்பே வரும். வருஷக்கணக்கா குளிப்பே இல்லாத காலமும் உண்டு. அவ்வளவு எண்ணி எண்ணி எடுத்தும் 1961-க்கு அப்புறம் சிப்பி பழையபடி திரும்பலை. எண்ணி எடுத்ததுக்கே இந்தக் கதின்னா?

"அட்டையை எண்ணுனீங்களா தாத்தா?"

"அட்டையை எவன்டா எண்ணுவான்?" சிரிச்சார். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "பிஞ்சையும் அள்ளுனோம்"னு மட்டும் சொன்னார்.

இப்போ நான் எழுதக் கூச்சப்பட்ட விஷயம்.

மறுநாள் ஃப்ரெண்டோட பைக்ல ஊருக்கு வெளிய ஒரு கரட்டுப் பக்கம் போனேன். எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன், காரணம் உங்களுக்கே புரியும். உடைமர நிழல்ல, பாறை இடுக்குல, கள்ளிமுளையான் தூறு தூறா நின்னுச்சு. விரல் மாதிரி நாலு பட்டைத் தண்டு, இலை பேருக்குக்கூட கிடையாது. நுனியில கருஞ்சிவப்புல பூ. கிட்டப் போனா ஒரு நாத்தம், சுத்தி ஈ. ஈதான் அதுக்கு மகரந்தம் சுமக்கற ஆளு. ஆடு மேய்க்கறவங்க பசிக்கு ஒடிச்சு மெல்லுவாங்க. அம்மாச்சி காலத்துல துவையல் அரைச்சிருக்காங்க.

காசு குடுக்காம, நம்ம மண்ணுல, தானா வளர்ந்த ஒரு சக்குலண்ட்! சந்தோஷத்துல படமா எடுத்துத் தள்ளினேன். ஒண்ணைக்கூடப் பிடுங்கலை, சத்தியமா. பெங்களூர் செடிக்கு பிராயச்சித்தம் மாதிரி இருந்துச்சு. ராத்திரி அந்தப் படங்களை, தரம் குறையக்கூடாதுன்னு ஒரிஜினல் ஃபைலாவே, செடிக்காரங்களுக்கு லிங்க் போட்டுப் பகிர்ந்தேன். "எங்க ஊர் பொக்கிஷம்"னு ஒரு வரி வேற.

ரெண்டு நாள் கழிச்சு முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்ட இருந்து மெசேஜ். "இந்தச் செடி கிலோ கணக்குல கிடைக்குமா? பறிச்சுக் குடுக்க ஆள் இருக்கா? இடம் தெரியுது, ஆள்தான் வேணும்."

இடம் தெரியுது.

கள்ளிமுளையான் வகையோட சாறு பசியை அடக்கும்னு, உடம்பு இளைக்கற மாத்திரையில போட்டு உலகம் பூரா விக்கறாங்க. அது எனக்குத் தெரியும். ஆனா இவருக்கு எப்படி இடம் தெரிஞ்சுது? ரெண்டு நிமிஷம் ஆச்சு எனக்கு உறைக்க. போன்ல எடுத்த படத்துக்குள்ளயே அட்சரேகை தீர்க்கரேகை ஒளிஞ்சிருக்கும். ஒரிஜினல் ஃபைலைக் குடுத்தா அதுவும் கூடவே போகும். ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் பொட்டி தட்டறவன் நான். இதைத் தெரிஞ்சு வச்சிருக்கறதுக்குத்தான் எனக்கு சம்பளமே. தென்னாப்பிரிக்காவுல ஆராய்ச்சி பண்றவங்க செடி இருக்கற இடத்தை வெளிய சொல்றதையே நிறுத்திட்டாங்கன்னு படிச்சு, "ஆஹா, எவ்வளவு விவரம்"னு மெச்சிக்கிட்டவனும் நான்தான்.

லிங்கை எடுத்துட்டேன். அந்த ஆளுக்குப் பதில் போடலை. ஆனா ரெண்டு நாளா அது திறந்து கிடந்துச்சு. எத்தனை பேர் இறக்கி வச்சிருக்காங்களோ, தெரியாது.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையா அந்தக் கரட்டுக்குத்தான் போனேன். செடி இருந்துச்சு. நிம்மதியா மூச்சு விட்டேன். அப்புறம் உத்துப் பார்த்தேன். போன தடவை இதைவிட நிறைய இருந்த மாதிரி ஒரு நினைப்பு. ஒரு இடத்துல மண் கிளறின மாதிரி இருந்துச்சு. பன்றியா இருக்கலாம், ஆடா இருக்கலாம், ஆளாவும் இருக்கலாம். குறைஞ்சிருக்கா இல்லையான்னு என்னால சொல்லவே முடியலை. ஏன்னா ஆகஸ்ட்ல நான் படம் எடுத்தேன், கவிதையா ஒரு வரி எழுதினேன், எண்ணலை.

அட்டையை எவன்டா எண்ணுவான்னு தாத்தா கேட்டது அங்க நிக்கும்போது ஞாபகம் வந்துச்சு.

அன்னிக்கு ஃப்ரெண்டும் நானும் வெயில்ல ரெண்டு மணி நேரம் குனிஞ்சு எண்ணினோம். 61 தூறு. ஒரு பழைய நோட்டுல தேதியோட எழுதி வச்சிருக்கேன். போன்ல இல்லை, நோட்டுல. கள்ளிமுளையான் இன்னிக்கு அபூர்வச் செடி இல்லைதான். கடல் அட்டையும் எங்க தாத்தா காலத்துல அபூர்வம் இல்லை.

செடி வளர்க்கற ஆளுங்க இதைப் படிச்சா ரெண்டே விஷயம். செடியை விடச் சொல்லலை, நானும் விடலை. கோனோபைட்டம் விதையில இருந்து நல்லாவே வரும், பொறுமைதான் வேணும். இப்போ என்கிட்ட விதை போட்டு வளர்த்ததுல பதினொண்ணு இருக்கு, மிளகு சைஸ்ல. இதுல எங்க ஊருக்கு ஒரு பெருமை உண்டு. 1973-ல தூத்துக்குடியில மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்கதான் இந்தியாவுலயே முதல்ல வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினாங்க. 1988-ல கடல் அட்டைக் குஞ்சும் பொரிச்சாங்க. இருக்கறதை அள்ளாம உண்டாக்கவும் முடியும்னு காட்டின ஊர் அது.

ரெண்டாவது, வாங்கறதுக்கு முன்னாடி "விதையா, பிடுங்கினதா"ன்னு கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா விட்டுடுங்க. கள்ளி வகைகள்ல ஏகப்பட்டது சைட்டிஸ்ங்கற உலக ஒப்பந்தத்துல இருக்கு. 2022-ல வன உயிர்ச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல்ல இருந்து அந்த ஒப்பந்தமும் நம்ம சட்டத்துக்குள்ள வந்தாச்சு. ஆனா சட்டம் துறைமுகத்துல நிக்கும், செக்போஸ்ட்ல நிக்கும். என் பால்கனிக்கு நான்தான் செக்போஸ்ட்.

அடுத்த பொங்கலுக்கும் போய் எண்ணுவேன். எண்ணிக்கையைச் சொல்றேன். இடம் மட்டும் கேக்காதீங்க.

டிஸ்கி: இந்தப் பதிவை எங்க அம்மா யார் மூலமாவது படிச்சா, 3200-ன்னு வர்ற இடத்துலயெல்லாம் ஒரு சைபரை அடிச்சுட்டுப் படிக்கவும். தலைப்புலயும்தான் :)